சுத்தமான தேங்காய்ச் சட்னி

எண்பதுகளில் விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் எந்த ஓட்டலுக்குள் நுழைந்து, சட்னியில் மல்லாட்டை போட்டிருக்கிறதா என்று கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். இல்லை, சுத்தமான தேங்காய்ச் சட்னி. அந்தப் பதிலைச் சொன்ன வாய்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் உடம்பெல்லாம் எரிகிறது.

மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. என் மகளுக்கு அது ஆகாது. ஆகாது என்றதும் ஊரில் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது பித்தம், வாயு, கொஞ்சம் அரிப்பு. அந்த ஆகாது இல்லை இது. அவளுக்கு இரண்டு வயதிருக்கும்போது, பஸ்ஸில் பக்கத்தில் இருந்த ஒரு அம்மா ஆசையாக அவித்த மல்லாட்டை ஒன்றை உரித்து வாயில் போட்டார். பஸ் அடுத்த ஊரைத் தொடுவதற்குள் பிள்ளையின் உதடு வீங்கியது, முகம் முழுவதும் தடித்துக் கண் மூடிக்கொண்டது, மூச்சு இழுக்க ஆரம்பித்தது. விழுப்புரத்தில் ஒரு டாக்டர் ஊசி போட்டுக் காப்பாற்றினார். அப்புறம் என்னை உட்காரவைத்துச் சொன்னார்: இனிமேல் இது இவள் வாய்க்குள் போகவே கூடாது, அடுத்த தடவை ஆஸ்பத்திரி வரைக்கும் தாங்குவாள் என்று நான் சொல்ல மாட்டேன்.

அவர் சொன்னது எனக்குப் புரிந்தது. வேறு ஒருவருக்கும் புரியவில்லை. எங்கள் சீமையில் மல்லாட்டைதான் பணம், அதுதான் எண்ணெய், அதுதான் பொழுதுபோக்கு. பஸ்ஸின் தரையெல்லாம் அதன் தொலி. சொந்தக்காரர்கள் கேட்ட கேள்வியை எழுதினால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. மல்லாட்டை ஆகாத பிள்ளையை எங்கிருந்து பெற்றாய் என்று கேட்டார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் பழகிவிடும் என்று வைத்தியம் சொன்னார்கள். ஒரு சித்தப்பா பழக்கிப் பார்க்கவே கையில் நான்கு பருப்போடு வந்தார். அந்தக் கையைத் தட்டிவிட்டதற்காக அவர் எங்கள் வீட்டுப் படியேறுவதை நிறுத்தினார். நல்லதாகப் போயிற்று. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்.

அப்படி இருக்கும்போது ஓட்டலுக்கு ஏன் போனாய் என்று கேட்பார்கள். கேட்டிருக்கிறார்கள். என் வீட்டுக்காரருக்கு விழுப்புரத்தில் வேலை. என் அப்பா திண்டிவனத்தில் பக்கவாதத்தில் படுத்திருந்தார். வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் பிள்ளையை இழுத்துக்கொண்டு போக வேண்டும். முதலில் தயிர்சாதம் கட்டிக்கொண்டுதான் போனேன். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் அதைத் திறந்து வைத்துச் சாப்பிட இடமில்லை. பஸ் ஸ்டாண்டை ஒட்டியிருந்த ஓட்டலில் இரண்டு காபி வாங்கிக்கொண்டு டப்பாவைத் திறந்தபோது, வெளிச் சாப்பாடு உள்ளே சாப்பிடக் கூடாது என்று சுவரில் எழுதியிருந்ததைக் காட்டினார்கள். அதுவும் தவிர, நான்கு வயதுப் பிள்ளை. எல்லா மேசையிலும் எல்லாப் பிள்ளைகளும் சட்னியைக் குழப்பித் தின்னும்போது அவள் மட்டும் ஆறின தயிர்சாதத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டுமா? என்ன குற்றம் செய்தாள்?

தோசை கூடாது, பூரி கூடாது, வடை கூடாது, எல்லாம் செக்கில் ஆட்டிய மல்லாட்டை எண்ணெய். மிஞ்சியது இட்லி. துணி விரித்து ஆவியில் வேகவைத்த இட்லியில் எந்த வம்பும் இல்லை. வம்பெல்லாம் அதன்மேல் ஊற்றுவதில்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை திண்டிவனத்தில் அதே ஓட்டலுக்கு இட்லி சாப்பிடப் போனோம், என் வீட்டுக்காரரும் கூட இருந்தார். சப்ளையர் வாளியோடு வந்ததும் நான் இலையின்மேல் கையை மறைத்து, சட்னியில் மல்லாட்டை அரைத்திருக்கிறதா என்று கேட்டேன். அவர் கல்லாவைத் திரும்பிப் பார்த்தார். கல்லாவில் இருந்த முதலாளி, விபூதிப் பட்டையும் வெள்ளைச் சட்டையுமாக, ஓட்டல் முழுவதும் கேட்கும்படி பதில் சொன்னார். எங்கள் கடையில் அந்த வேலையே கிடையாது, சுத்தமான தேங்காய். நான் எழுந்து போய்ப் பிள்ளையைக் காட்டி, இவளுக்கு அது உயிருக்கே ஆபத்து, அதனால்தான் கேட்கிறேன் என்றும் சொன்னேன். அவர் தலைக்கு மேலே இருந்த சாமி படத்தைக் கைகாட்டினார். நான் சட்னியைத் தொட்டு நாக்கில் வைத்தேன். பூண்டும் காரமும் தூக்கலாக இருந்ததில் வேறு ஒன்றும் தெரியவில்லை. சாமிமேல் சத்தியம் செய்கிறாரே என்று ஒரு கரண்டி விடச் சொன்னேன்.

பிள்ளை எவ்வளவு சந்தோஷமாகச் சாப்பிட்டாள் என்பதை நான் எழுத மாட்டேன். இரண்டாவது இட்லியைப் பிட்டவள், நாக்கு அரிக்கிறது என்றாள். குரல் கட்டையாக இருந்தது. என் வீட்டுக்காரர் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார், நான் பின்னால் ஓடினேன். நல்லவேளையாக டாக்டர் வீடு பக்கத்திலேயே இருந்தது. தொடையில் ஊசி ஏறின பிறகும் வெகு நேரம் அவள் நெஞ்சுக்குழி உள்ளே போய்ப் போய் வந்தது. நகம் நீலம் பாரித்திருந்தது. அந்த நகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது மறுபடி சிவந்ததும் பிள்ளையை என் வீட்டுக்காரர் மடியில் கிடத்திவிட்டு, நேராக ஓட்டலுக்குப் போனேன்.

கல்லாவுக்கு முன்னால் நின்று நான் பேசியதெல்லாம் அச்சில் ஏறாது. ஓட்டலில் இருந்தவர்கள் சாப்பிடுவதை விட்டுவிட்டுக் கேட்டார்கள். முதலாளி முதலில் தேங்காய்தான் என்றே சாதித்தார். உள்ளே அம்மியண்டை வறுத்த மல்லாட்டை முறத்தோடு இருந்ததை நான் கையை நீட்டிக் காட்டியதும், குரலைத் தாழ்த்தி, ஏதோ நான்தான் ஊர் வழக்கம் தெரியாமல் வந்துவிட்டவள் மாதிரி எனக்கு எடுத்துச் சொன்னார்.

"இன்னாம்மா நீ, பத்து பேரு சாப்டுக்கினு இருக்கும்போது மல்லாட்டை போட்டியான்னு கேட்டா, எந்த ஓட்டல்காரன் ஆமான்னு சொல்லுவான்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தேங்காய் விற்ற விலையில் எல்லோரும் பாதிக்கு மேல் மல்லாட்டையைத்தான் போட்டு அரைத்தார்கள். அரைப்பது எல்லோருக்கும் தெரியும், தின்பவருக்கும் தெரியும். ஆனால் வாயைத் திறந்து கேட்டால் அது கேள்வி இல்லை, அவமானம். பாலில் தண்ணீர் கலக்கிறாயா என்று பால்காரரைக் கேட்பது மாதிரி. நான் பிள்ளையின் உயிரைக் கேட்டேன், அந்த மனிதர் காதில் அவருடைய கௌரவம் விழுந்தது. ஒரு தடவை பத்துப் பேர் முன்னால் சுத்தம் என்று சொன்ன பிறகு, பிள்ளையையே தூக்கிக் கல்லாமேல் கிடத்தினாலும் சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்க மாட்டார். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இந்தப் புளுகு அரை மணி நேரம்கூட நிற்கவில்லை. அதற்குள் என் பிள்ளை போயிருப்பாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் என் வீட்டுக்காரர், ஊரான் கடையில் போய் எதற்கு இவ்வளவு பேஜாரு என்றார். பிள்ளைதான் பிழைத்துவிட்டாளே என்றார். அவரோடு நான் ஒரு வாரம் பேசவில்லை.

அதற்குப் பிறகு கேள்வியை மாற்றினேன். எந்த ஓட்டலுக்குப் போனாலும் பல்லை இளித்துக்கொண்டு, அண்ணே, மல்லாட்டை போட்ட சட்னி இருக்குமா, எனக்கு அதுதான் பிடிக்கும் என்று கேட்பேன். அவ்வளவுதான், அத்தனை உண்மையும் ஓடி வரும். இருக்கும்மா, இதிலேயே நிறையப் போட்டிருக்கிறோம், கொஞ்சம் சாம்பார்லகூட விழுந்திருக்கும், அதே கரண்டிதானே என்று ஒன்றையும் மறைக்காமல் சொல்வார்கள். தாய் தவித்துக் கேட்டால் பொய், நாக்கைச் சப்புக்கொட்டிக் கேட்டால் நிஜம். விழுப்புரத்தில் ஒரு சப்ளையர் என் ஆசையை மெச்சி, நான் தடுப்பதற்குள் பிள்ளையின் இலையிலும் ஒரு கரண்டியைக் கவிழ்த்துவிட்டார். நான் இலையோடு சுருட்டி எறிந்தேன். அந்தச் சப்ளையர் கோபித்துக்கொண்டார், முதலாளி வந்தார், மறுபடியும் சண்டை. சண்டையில்லாமல் நாங்கள் எழுந்து வந்த ஓட்டல் அந்த நாட்களில் அநேகமாக இல்லை. வாய் கொழுத்த பொம்பளை என்று பேர் வாங்கினேன். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை, நானும் தேடவில்லை.

நான் கவனிக்காத ஒன்று அதற்குள் நடந்துகொண்டிருந்தது. பிள்ளை பேச்சைக் குறைத்துக்கொண்டிருந்தாள். ஓட்டல் வாசலில் என் கையை இறுக்கிப் பிடிப்பாள். நான் சப்ளையரைக் கூப்பிட்டதும் மேசைக்கு அடியில் பார்வையைத் தாழ்த்துவாள். எனக்கும் அது வேண்டும் என்று அடம்பிடிக்க வேண்டிய வயதில், அம்மா, கத்தாதேம்மா என்று காதோரம் சொல்லக் கற்றுக்கொண்டாள்.

அப்பா இறந்த பதினாறாம் நாள் காரியம் முடிந்து நாங்கள் விழுப்புரம் வந்து இறங்கினோம். காரிய வீட்டுச் சமையலில் எதில் என்ன கலந்தார்களோ என்று பயந்து, காலையிலிருந்து அவளுக்கு இரண்டு வாழைப்பழமும் பாலும்தான் கொடுத்திருந்தேன். என் வீட்டுக்காரருக்குப் பசி. ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு ஓட்டலில் நுழைந்து உட்கார்ந்தோம். எனக்கும் அன்றைக்குச் சண்டை போடத் தெம்பில்லை. சப்ளையர் வந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"எனக்குப் பசிக்கலப்பா. நீங்க சாப்புடுங்க."

அவர் அதை அப்படியே நம்பினார். பிள்ளைக்கு வேண்டாமாம் என்று சொல்லி, தனக்கு ஒரு பொங்கலும் எனக்கு ஒரு காபியும் வாங்கிச் சாப்பிட ஆரம்பித்தார். அவள் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு சுவரில் இருந்த நாள்காட்டியைப் பார்த்தாள். பொங்கல் வாசனை வரும்போதெல்லாம் எச்சில் விழுங்கினாள். தொண்டை ஏறி இறங்குவது எனக்குத் தெரிந்தது. நானும் வாய் திறக்கக் கூடாது, சப்ளையருக்கும் கோபம் வரக் கூடாது, அப்பாவும் நிம்மதியாகச் சாப்பிட வேண்டும் என்று ஐந்து வயதுப் பிள்ளை தன் வயிற்றைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இத்தனை பேர் கௌரவமும் கெடாமல் இருக்க விலை கொடுப்பவள் அவள்தானா? எனக்கு வந்த கோபத்துக்கு அன்றைக்கு அளவே இல்லை. யார்மேல் என்று கேட்டால், எதிரே பொங்கலில் மிளகைப் பொறுக்கிக்கொண்டிருந்த மனிதர் உட்பட எல்லோர்மேலும்தான்.

எழுந்தேன். ஒரு இலையை எடுத்து நானே கழுவினேன். கைகழுவும் இடத்தைத் தாண்டி நேராக அடுக்களைக்குள் போனேன். ஓட்டல் அடுக்களைக்குள் சாப்பிட வந்த பொம்பளை நுழைவது அந்தக் காலத்தில் யாரும் செய்யாத காரியம். மாஸ்டர் இடுப்பில் துண்டோடு திகைத்து நின்றார். முதலாளி பின்னாலேயே வந்து, உள்ளே யாரும் வரக் கூடாது, வெளியே போங்க என்றார்.

"நான் ஒண்ணும் கேக்கப் போறதில்ல. நீங்க ஒண்ணும் சொல்லவும் வாணாம். பானையிலேர்ந்து இட்லியை இந்த எலையில தட்டச் சொல்லுங்க, நான் பாத்துக்கினு நிக்கறேன்."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னேன். என் முகத்தில் என்ன இருந்ததோ, அவர் மாஸ்டரைப் பார்த்துத் தலையை அசைத்தார். பானை திறந்தது, ஆவி அடங்கியது, துணியோடு தட்டு கவிழ்ந்தது. கரண்டி படவில்லை, வேறு கை படவில்லை. டீ போடும் இடத்தில் புதுப் பொட்டலம் ஒன்றைப் பிரிக்கச் சொல்லி மேலே சர்க்கரை தூவிக்கொண்டு, எல்லோரும் பார்க்க இலையை ஏந்தி வந்து அவள் முன்னால் வைத்தேன்.

அவள் இட்லியைத் தொடாமல் என்னைப் பார்த்தாள். சண்டை போட்டியாம்மா என்று கேட்டாள். இல்லை, சாப்பிடு என்றேன். என்னை நம்பாமல், எட்டி முதலாளியின் முகத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். பிறகு சாப்பிட ஆரம்பித்தாள். சூட்டோடு, ஊதக்கூட நேரமில்லாமல், இரண்டு கையாலும். என் வீட்டுக்காரர் பொங்கலைப் பாதியில் விட்டுவிட்டு இலையை மடித்தார். பசிக்கவில்லை என்று சொன்ன பிள்ளை ஐந்தாவது இட்லிக்குக் கையை நீட்டினாள்.