அடுத்தவர் பேட்ஜ்

அமெரிக்காவில், எடிசன் நகரில் பழைய நகை வாங்கி விற்கிறேன். நகை நம் கைக்கு வந்த பிறகும் அதற்கு உரிமை கொண்டாட ஆள் வந்துகொண்டே இருக்கும். என்னைப் போலக் கடை வைத்துத் தலையைப் பிய்த்துக்கொள்ளும் சக வியாபாரிகளே, உங்களுக்குத் தெரியாததா?

வந்தது ஒரு போன்

வீட்டைக் காலி செய்த ஒருவர், தன் அம்மாவின் நகைப்பெட்டியை மொத்தமாக விற்றுவிட்டுப் போனார். அதில் விரல்நகம் அளவுக்கு ஒரு தங்க பேட்ஜ். சுற்றிலும் முத்து, பின்னால் ஒரு பெயர். படம் எடுத்து ஆன்லைனில் போட்டேன்.

மறுநாளே மார்த்தா என்ற அமெரிக்க அம்மாள் கூப்பிட்டார். அது அவருடைய கல்லூரிப் பெண்கள் சங்கத்தின், அதாவது சொராரிட்டியின், பேட்ஜாம். உறுப்பினர் தவிர யாரும் அணியக் கூடாதாம். விற்பனைக்கு வருவதைத் தேடிப்பிடித்து மீட்பது அவர் பொறுப்பாம். எனக்குக் கடுப்பாகிவிட்டது. நான் வாங்கிய பொருளுக்கு இவர் என்ன நாட்டாமை? யார் முதலில் வந்து கேட்கிறார்களோ அவர்களுக்குக் கொடுப்பேன் என்றேன். அவர் கோபப்படவே இல்லை.

"சனிக்கிழமை வருகிறேன். அதுவரை கொடுத்துவிடாதீர்கள், ப்ளீஸ்."

முத்து மட்டும் போதும்

வெள்ளிக்கிழமை, எங்கள் பழைய வாடிக்கையாளர் ஜெசிந்தா ஆன்ட்டி வந்தார். பேத்தி தோட்டுக்கு அந்த பேட்ஜின் முத்துகள் வேண்டும், மிச்சத்தை உருக்கிக்கொள் என்றார். எங்கள் கடை ஆசாரி குறடை எடுத்துவிட்டார். சும்மா இருக்காமல் மார்த்தா கதையைச் சிரித்தபடி சொன்னேன். ஆன்ட்டி சிரிக்கவில்லை. எங்கள் கடைக்குத் தாலி வந்தால் விற்பனைக்கு வைக்க மாட்டோம், உரியவர் திரும்பக் கேட்டால் கொடுத்துவிடுவோம் என்பது அவருக்குத் தெரியும்.

"அடுத்தவ தாலிய ஷோகேஸ்ல வைப்பியாம்மா? இதுவும் அப்படித்தான் போல. எனக்கு வேற முத்து காட்டு."

சனிக்கிழமை

மார்த்தா பேட்ஜைத் திருப்பிப் பெயரைப் படித்தார். சங்கத்துக்கு போன் போட்டு விசாரித்தார். பேட்ஜுக்காரர், அதாவது பெட்டியை விற்றவரின் அம்மா, உயிரோடுதான் இருக்கிறார், பக்கத்து ஊர் முதியோர் இல்லத்தில். இறந்துபோன அம்மாவின் பெட்டி என்றல்லவா நினைத்து வாங்கினேன்! லாபம் வைக்க மனம் வராமல், வாங்கின விலைக்கே கொடுத்தேன். மார்த்தாவோடு நானும் அந்த இல்லத்துக்குப் போனேன்.

தொண்ணூறை நெருங்கிய அந்த அம்மாள் யார் உதவியும் இல்லாமல், இதயத்துக்கு நேராக அதைக் குத்திக்கொண்டார். மாதக்கணக்காகத் தேடினாராம். பெட்டியை விற்றது மகன் என்று சொல்லலாமா என்று நான் தயங்க, அவரே முந்திக்கொண்டார்.

"என்னைப் புதைக்கும்போது இதுவும் என்னோடு வர வேண்டும். அதுவரை என் பையனை இதன் பக்கத்தில் விடாதீர்கள்."

இப்போதெல்லாம் பெட்டியோடு யார் வந்தாலும், தராசை எடுக்கும் முன் "அம்மாகிட்ட கேட்டீங்களா?" என்கிறேன், வியாபாரம் குறைந்திருக்கிறது, தூக்கம் நன்றாக வருகிறது.