கதவைத் திறந்து வைத்த கூடு

எங்கள் குளத்துக்குத் தொட்டி மீன் வந்தது ஒரு நல்ல மனிதரால். ஏதோ ஒரு கந்தோரில் வேலையாக வந்து குளத்தடிக் குவாட்டஸில் இருந்தவர். கண்ணாடித் தொட்டியில் கறுப்பாகச் சில மீன்கள் வளர்த்தார். மாற்றலாகிப் போகிறபோது அவற்றைக் கொல்ல மனம் வராமல், தொட்டியோடு குளத்தில் கவிழ்த்துவிட்டு லொறி ஏறினார்.

இலுப்பைக்கடவைக்கு உள்ளே, வயலை மட்டும் நம்பியிருந்த சின்ன ஊர் எங்களுடையது. அந்த மீன் பெருகின பெருக்கைப் பார்த்து ஊர் வாயடைத்துப் போனது. உடம்பெல்லாம் ஓடு, வாய் வயிற்றுப் பக்கம். வெட்டப் போனால் கத்தி வழுக்கும், வலையில் பட்டால் முள் வலையைக் கிழிக்கும். ஒருவரும் தின்னமாட்டார்கள். அதையும் பொறுத்திருக்கலாம். அது குளக்கட்டின் ஓரத்தைக் குடைந்து பொந்து பொந்தாக்கியது. மாரி மழைக்குக் குளக்கட்டில் ஓரிடத்தில் தண்ணீர் கசியத் தொடங்கியதும் பெரியவர்கள் கதிகலங்கினார்கள். கட்டு உடைந்தால் அந்தப் போகம் போச்சு.

வழி கண்டுபிடித்தவர் சின்ன மாமா, அம்மாவின் தம்பி. கமக்காரருக்குப் பிறந்து, பேசாலைக் கடலில் சில காலம் வள்ளத்தில் மீன்பிடிக்கப் போனவர். அங்கே அவரை வயல்காரன் என்று பகிடி பண்ணுவார்களாம். இங்கே கடல்காரன் என்றார்கள். அப்பா கடல் கடந்து அக்கரைக்குப் போய் ஒரு சேதியும் இல்லாத காலம் அது. எங்களுக்கு இருந்த ஆண் துணை மாமாதான்.

பேசாலையில் பார்த்த மீன்பிடிக் கூட்டைப் போல, காட்டுத்தடியும் கம்பிவலையும் கொண்டு ஒரு பெரிய கூடு கட்டிக் கட்டோரத்துத் தண்ணீரில் இறக்கினார். அவித்த பூசணிக்காயையும் தவிட்டையும் பிசைந்து இரை உருண்டை பிடிப்பது அம்மா. பொழுது படுகிற நேரம் மாமா வெறும் தகரப் பேணியில் தட்டுவார். நான் உருண்டைகளைக் கூட்டுக்குள் போடுவேன். கதவு விழுந்துவிடாமல் கயிற்றால் கட்டியிருந்தது. மீன்கள் வந்தன, தின்றன, வந்த வழியே போயின. எனக்குப் பொறுக்கவில்லை. ஏன் பிடிக்கவில்லை என்று கேட்டேன்.

"முதல் நம்பட்டும் பிள்ளை," என்றார் மாமா. "பேணிச் சத்தம் எண்டால் சாப்பாடு எண்டு அதுகள் பழகோணும். பிறகு கதவை விட்டால் போதும்."

ஊர் சிரித்தது. மனிசருக்கே இல்லாத பூசணிக்காயை மீனுக்கு ஊட்டுகிறான் என்றார்கள். பிறகொரு நாள் பேணி தட்டி, மீன் நிறைந்ததும் மாமா கயிற்றை அவிழ்த்துவிட்டார். விடிந்ததும் கூட்டைக் கரைக்கு இழுத்தபோது உள்ளே கறுப்பாகக் கொதித்தது. சிரித்தவர்களே வந்து கைகொடுத்து இழுத்தார்கள்.

அதன் பிறகுதான் எனக்குப் பிடித்த வேலை. இரைக்கு ஆசைப்பட்டு எங்கள் மீன்களும் உள்ளே அகப்பட்டிருக்கும், ஒரு விரால், இரண்டு கெளிறு என்று. மாமா குந்தியிருந்து ஒவ்வொன்றாகப் பார்ப்பார். தொட்டி மீனெல்லாம் கரையில் வெட்டிய கிடங்குக்குள் போட்டு மண்ணால் மூடப்படும். நம்முடைய மீனை என் கையில் தருவார். நான் அதை மருதமர நிழலில் வைத்திருந்த பாதிப் பீப்பாய்த் தண்ணீரில் விடுவேன். எல்லாம் முடிந்த பிறகு, கூட்டுக்கு எட்டாத மறுகரையில் கொண்டுபோய் அவற்றைக் குளத்தில் விட்டுவிடுவோம். ஒதுக்கி நிழலில் வைப்பது நல்லதை என்று நான் படித்தது அங்கேதான். பள்ளிக்கூடத்தில் படித்த எதுவும் எனக்கு அவ்வளவு உறுதியாக மனதில் பதியவில்லை.

அந்த வருசம் ரோட்டடியில் இராணுவ முகாம் வந்தது. சண்டையால் கடைகளில் ஒன்றுமில்லை. முகாம்காரர் வெள்ளிக்கிழமைகளில் பள்ளிக்கூட வளவில் கோதுமை மாவும் சீனியும் கொடுக்கத் தொடங்கினார்கள். ஒலிபெருக்கியில் கொச்சைத் தமிழில் கூப்பிடுவார்கள். முதலில் சனம் பயந்து பயந்து போனது. வாங்கியது, வந்தது. பிள்ளைகளுக்கு பிஸ்கற்றும் கொடுத்தார்கள். பிறகு ஒலிபெருக்கி கரகரத்த உடனேயே நாங்கள் பையோடு ஓடினோம்.

மாமா மட்டும் போகவில்லை. பிறகொரு வெள்ளிக்கிழமை அம்மா அவரை வீட்டில் நிற்க விடவில்லை. வீட்டு ஆண்களும் வந்தால்தான் இனி மா என்று சொல்லிவிட்டார்களாம். ஊரோடு ஒத்துப் போகவேண்டும், வீட்டில் நிற்கிற ஆளைத்தான் இயக்கக்காரன் என்று சந்தேகப்படுவார்கள் என்று அம்மா சொன்னார். மாமா சட்டையைப் போட்டுக்கொண்டே சொன்னார்.

"அக்கா, நானும் பூசணிக்காய் போட்டுத்தான் பிடிச்சனான்."

"விசர்க்கதை கதையாதை. பிள்ளையளுக்குப் பசிக்குது," என்றார் அம்மா.

மாமா அம்மாவின் கையிலிருந்த சாக்கை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார்.

வளவு நிறைந்ததும் படலைக் கதவைச் சாத்தினார்கள். மா மூட்டை ஒன்றும் அங்கே இருக்கவில்லை. ஒரு கதிரையில், முகத்தைச் சாக்கால் மூடி, கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை வைத்த ஒருவன் இருந்தான். ஆள் காட்டிக்கொடுக்க இருந்த அவன் முன்னால் ஆண்களை வரிசையாக நடக்கவிட்டார்கள். அநேகம் பேரை அவன் பார்த்தும் பாராமல் இருந்தான். அவர்கள் வெயிலுக்குள் போய் நின்றார்கள். சிலரைக் கண்டு தலையாட்டினான். அவர்களை வேம்பின் கீழ் இருத்தினார்கள். மாமா நடந்து வந்தபோதும் அவன் தலையாட்டினான். அவன் யார், அவனை யார் எதைக் காட்டிப் பிடித்தார்கள் என்பது இன்றுவரை தெரியாது.

அம்மா குழறி அழுதார். பக்கத்தில் நின்ற பெண்கள் அவரது வாயைப் பொத்தினார்கள். எனக்கோ உள்ளுக்குள் சந்தோசம். அத்தனை சனத்துக்குள்ளும் எங்கள் மாமாவை அல்லவா ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். முகாம்காரன் ஒருவன் வேம்படியில் இருந்தவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்ததையும் கண்டேன். அம்மாவின் சீலையைப் பிடித்து இழுத்தேன்.

"அழாதேங்கோ அம்மா. மாமாவை நிழலிலையெல்லோ வச்சிருக்கினம்."

அம்மா என்னைப் பார்த்த பார்வைக்கு எனக்கு அப்போது அர்த்தம் தெரியவில்லை. அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை.

வேம்படியில் இருந்தவர்களை லொறியில் ஏற்றினார்கள். எங்களை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். வரிசைக்குப் போகுமுன் மாமா கையில் கொடுத்த வெறும் சாக்கோடு அம்மா நடந்தார். அன்று பொழுது படும்போது நான் ஒருவருக்கும் சொல்லாமல் குளக்கட்டால் சுற்றி மறுகரைக்குப் போய் உட்கார்ந்தேன். ஒதுக்கி வைத்ததையெல்லாம் நாங்கள் அங்கேதானே கொண்டுவந்து விடுவோம்.