நூறாவது தாள்

“உங்க கால் கோட்டுக்கு வெளிய இருக்குங்க. கொஞ்சம் உள்ள வெச்சு நில்லுங்க.”

மீன்பிடிக் கூடையைப் பார்த்துக்கொண்டிருந்த ஆசாமி திடுக்கிட்டு அடுத்த அறைக்கு நடையைக் கட்டிவிட்டார். “நாலு விநாடி. ஆர்வம் இல்லை” என்று முணுமுணுத்தபடி இவன் எழுதிக்கொண்டான்.

இவன் மானிடவியல் அருங்காட்சியகத்தில் வழிகாட்டி மாணவன். காவலாளிகள் வைத்த பெயர் ‘விநாடி’. வருகிறவர்களிடம் பேச்சுக் கொடுக்க வேண்டும். எந்தக் கண்ணாடிப் பெட்டிமுன் போட்ட கோட்டுக்குள் எத்தனை நேரம் நிற்கிறார்கள் என்று பின்னாலேயே போய்க் குறிக்கவும் வேண்டும். முகத்தைப் பார்த்தால் ஆய்வு கெட்டுவிடுமாம்! அதனால் குனிந்த தலை நிமிராமல் கணுக்காலையும் கடிகாரத்தையும் மட்டுமே பார்ப்பான். மனிதரைப் படிக்க வந்த லட்சணம் இது.

என்னையும் ஒருநாள் அளந்தான். அலுவலக இடைவேளையில் அங்கே போய்ச் சற்று உட்காருவது என் வழக்கம்.

“இந்த முரசைப் பாத்தா என்னங்க தோணுது?”

“தூக்கம் வருதுப்பா.”

“மன அமைதின்னு போட்டுக்கறேங்க.”

போட்டும் கொண்டான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆளுக்கு ஒரு தாளாக, வெள்ளிக்கிழமை மாலைக்குள் நூறு தாள் கொடுக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் பேராசிரியை கையெழுத்துப் போடமாட்டார், ஒரு வருடம் பாழ். சொந்தக்காரர், தெரிந்தவர் தாள் செல்லாது. விடுதி நண்பர்களை நடக்கவிட்டு எழுதிய நான்கு தாள்களை அவர் ஏற்கெனவே கிழித்துப் போட்டிருந்தார்.

அந்த வெள்ளிக்கிழமை நான் போனபோது மணி நாலரை. தொண்ணூற்றொன்பது முடிந்திருந்தது. ஐந்துக்குக் கதவடைப்பு. உள்ளே என்னைத் தவிர ஈ காக்கை இல்லை.

“அண்ணே, இன்னும் ஒருத்தராச்சும் வருவாங்களா?” என்று காவலாளியிடம் கெஞ்சினான். இவன் கெஞ்சி அன்றுதான் பார்த்தேன்.

நீல ரப்பர் செருப்பு போட்ட இரண்டு கால்கள் உள்ளே வந்தன. ஒட்டிக்கொண்டான். அந்தக் கால்கள் அவசரப்படவில்லை. ஒவ்வொரு பெட்டிமுன்னும் ஒழுங்காகக் கோட்டுக்குள் நின்றன. மீன்பிடிக் கூடையிடம் மட்டும் ஏழு நிமிடம். இப்படி யாரும் நின்றதில்லை. பேனா பறந்தது.

“இதுல உங்களுக்கு ரொம்பப் பிடிச்சது எதுங்க?” என்றான், தாளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“கூடைய யாருடா பாத்தா? கண்ணாடியில பின்னால நீ நிக்கறது தெரிஞ்சுது. வேலையா இருக்கான், கூப்பிட்டா எரிஞ்சு விழுவான்னு அதையே பாத்துட்டு நின்னேன். ஏன்டா இப்படி இளைச்சுட்ட?”

மூன்று மாதமாக வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்காதவன் அப்போதுதான் நிமிர்ந்தான்.

“ஐயோ, அம்மா! கொஞ்சம் பேசாம இரும்மா. ஒரே ஒரு கேள்விதான் பாக்கி.”

காவலாளி சாவிக்கொத்தை ஆட்டினார். அம்மா மகனின் மடங்கிக் கிடந்த சட்டைக் காலரை நீவிச் சரிசெய்தாள். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ‘பார்வையாளர் உங்களுக்குத் தெரிந்தவரா?’ என்ற கடைசிக் கேள்விக்கு எதிரே, ‘இல்லை’ என்ற கட்டத்தில் இவன் அழுத்தமாக ஒரு கோடு போட்டான்.