கரிக்குழியில் தூங்கியவள்

கார்மெலினைத் தேடி எங்கள் ஊருக்கு வருகிறவர்களுக்கு நாங்கள் வீட்டு அடையாளம் சொல்வதில்லை. சிரிப்புச் சத்தம் வருகிற பக்கம் போங்கள் என்போம். அங்கன்வாடியில் சமைப்பதும் பிள்ளைகளைக் கூட்டிவருவதும் அவள் வேலை. இடுப்பில் ஒன்று, தோளில் ஒன்று, முந்தானையைப் பிடித்தபடி ஒன்று என்று காட்டுப்பாதையில் அவள் வந்தால், காய்த்த மரம் நடந்து வருவது போல இருக்கும்.

நாங்கள் சித்தி என்னும் சனம். ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்டவர்களின் வாரிசுகள். கர்நாடகத்தின் ஹளியாள் காட்டுக்குள் எத்தனையோ தலைமுறையாக இருக்கிறோம். ஆனாலும் சந்தைக்குப் போனால், "எந்த நாடு?" என்று கேட்கிறவன் இன்றைக்கும் இருக்கிறான். அதனால் எங்களுக்கு ஒரு பழக்கம். எதிராளி வாயைத் திறப்பதற்குள் எங்கள் நிறத்தை நாங்களே கேலி செய்துவிடுவோம். அவனும் சிரிப்பான், நாங்களும் சிரிப்போம், பேச்சு அதோடு போகும். இதில் கார்மெலினை மிஞ்ச ஆளில்லை.

புதிதாக வந்த வனக்காவலரின் மகள் மைதிலிக்கு நாலு வயது. அங்கன்வாடிக்கு வந்த முதல் நாள் கார்மெலின் அவித்த முட்டையை உரித்து அவளிடம் நீட்டினாள். குழந்தை கையைப் பின்னால் கட்டிக்கொண்டது.

"எனக்கு வேணாம். உன் கை அழுக்கு."

"உஷ்! அப்படியெல்லாம் சொல்லக் கூடாது," என்று டீச்சர் பதறினாள்.

கார்மெலின் சிரித்தாள். "விடுங்க டீச்சர். சின்னப் புள்ளையில நான் கரிக்குழியில விழுந்து தூங்கிட்டேன் பாப்பா. எங்கம்மா தேய்ச்சுத் தேய்ச்சுப் பாத்தா, போகவே இல்ல!"

எல்லாரும் சிரித்தார்கள். மைதிலி சிரிக்கவில்லை, முட்டையையும் தொடவில்லை. வரிசையில் உட்கார்ந்திருந்த இன்னொரு குழந்தையும் சிரிக்கவில்லை. அது கார்மெலினின் மகள் ஜெசிந்தா, ஐந்து வயது. அதை யாரும் கவனிக்கவில்லை.

மறுநாள் காலையில் அடுப்புக்கு நெருப்பு வாங்கப் பக்கத்திலிருக்கும் கார்மெலின் வீட்டுக்குப் போனேன். தாயும் மகளும் என்னை மாயி என்றுதான் கூப்பிடுவார்கள். பின்பக்கம் தண்ணீர்த் தொட்டியடியில் ஜெசிந்தா உட்கார்ந்து, சாம்பலும் தேங்காய் நாருமாகக் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். முழங்கைக்குக் கீழே தோல் உரிந்து ரத்தம் கசிந்தது.

"என்னடி பண்ற?"

"கரிய எடுக்கிறேன் மாயி. அம்மா குழியில தூங்கினதால எனக்கும் ஒட்டிக்கிச்சு. மைதிலி பக்கத்துல நான் உக்காரணும்ல?"

பின்வாசற்படியில் கார்மெலின் நின்றிருந்தாள். அவள் முகத்தில் சிரிப்பில்லாமல் நான் பார்த்தது அன்றைக்குத்தான். ஓடிவந்து குழந்தையைத் தூக்கி, புண்ணுக்குத் தேங்காய் எண்ணெய் தடவினாள்.

"ரெண்டு நாள்ல மறந்துடும்," என்றேன். "நாமெல்லாம் இதைக் கேட்டுத்தானே வளந்தோம்?"

"நாம வளந்தோம் மாயி. இவ தோல உரிச்சுக்கிறா."

எங்கள் கேலியையே குறை சொல்கிறாளே என்று எனக்குக் கோபம். என்னதான் கிழிக்கப்போகிறாள் பார்க்கலாம் என்று நானும் கூடவே போனேன். அங்கன்வாடியில் அவள் ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் கொண்டுவந்து மைதிலியின் முன் குத்தவைத்து உட்கார்ந்தாள். கையை நீட்டினாள்.

"நல்லா கழுவு, பாப்போம்."

குழந்தை நாக்கைத் துருத்திக்கொண்டு மும்முரமாகத் தேய்த்தது. கையைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கத்தியது. "இங்க போயிடுச்சு!"

உள்ளங்கையைத்தான் காட்டியது. பதிலுக்கு ஒரு கேலி என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கார்மெலின் சிரிக்கவில்லை.

"இல்ல தங்கம். அது பொறந்ததுலேருந்தே அப்படித்தான். உன் கையத் திருப்பிப் பாரு, உனக்கும் உள்ள வெளுப்புதான். இது அழுக்கில்ல, என் நிறம். எங்கம்மா அப்பா குடுத்தது."

"எனக்கு யாரு குடுத்தா?"

"உங்கம்மா அப்பாதான்."

"எங்கப்பா கொஞ்சம் கறுப்பு."

"அப்ப அவரும் கொஞ்சம் குடுத்திருப்பாரு."

மைதிலி அவள் கையை மோந்து பார்த்தது. "சோப்பு வாசம்," என்றது. பிறகு முட்டையை வாங்கி, மஞ்சள் கருவைக் கீழே உதிர்த்துவிட்டு வெள்ளையை மட்டும் தின்றது.

ஜெசிந்தா எழுந்து வந்தாள். "அப்ப கரிக்குழி?"

"பொய்டி. எல்லாரும் சிரிக்கணும்னு சொன்னேன்."

"எதுக்குச் சிரிக்கணும்?"

கார்மெலின் என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

"தெரியல. இனிமே சொல்லமாட்டேன்," என்றாள் மகளிடம்.

அந்த வாரச் சந்தையில் மீன்காரன் எங்களைக் கண்டதும், "என்ன கார்மெலின், கரிக்குழியிலேருந்து நேரா வர்றியா?" என்று குரல் கொடுத்தான். அவனுக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததே நாங்கள்தான். பழக்கத்தில் நான் சிரித்துவிட்டேன். தாயின் விரலைப் பிடித்திருந்த ஜெசிந்தா அண்ணாந்து பார்த்தாள்.

"வீட்டுலேருந்து வர்றேன்," என்றாள் கார்மெலின். "மத்தி எப்படி?"

அவன் விலையைச் சொன்னான். பிறகு தராசை எடுத்தான்.

அந்தக் கேலி தப்பென்று எனக்கு இன்றைக்கும் தோன்றவில்லை. அது எங்களை எத்தனையோ சண்டையிலிருந்து காப்பாற்றியிருக்கிறது. யார் வந்து சொன்னாலும் இதைத்தான் சொல்வேன். ஆனால் ஜெசிந்தா பக்கத்தில் இருந்தால் வாயைத் திறப்பதில்லை. எதுக்கு என்று கேட்டுவிடுவாள்.