ஞாயிற்றுக்கிழமையும் பசிக்கும் குடல்

குடல் கலம் வளர்க்கிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. சத்திரசிகிச்சையில் வெட்டி எடுத்த குடல் துண்டை நோயாளியின் சம்மதத்தோடு வாங்கி, அதிலிருந்து உயிருள்ள கலங்களை, அதாவது செல்களை, பிரித்து, தட்டில் வைத்துத் தீனி கொடுத்து வளர்ப்பது என் வேலை. எங்கள் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் குடலை என்ன செய்கிறது என்று அந்தக் கலங்களில்தான் பார்க்கிறோம். கிளிநொச்சியில் ஒரு சின்ன ஆய்வுகூடம். கறவை மாடோ கைக்குழந்தையோ வைத்திருக்கும் உங்களுக்கு என் பாடு சொல்லாமலே விளங்கும்.

மடியில் ஐஸ் பெட்டி

ஒருநாள் எங்கள் வாகனம் பழுது. வவுனியாவில் வாங்கிய துண்டை ஐஸ் பெட்டியில் வைத்து பஸ் ஏறினேன். மாங்குளத்தில் ஏறிய ஓர் அம்மா பக்கத்தில் இருந்து பெட்டியையே பார்த்தபடி வந்தா.

"மீனோ பிள்ளை?"

"இல்லையம்மா, குடல்."

பொய் சொல்ல வரவில்லை. மனிதக் குடல் என்று சொல்லவும் வாய் வரவில்லை. ஆட்டுக்குடல் என்றே நினைத்த அம்மா, இறங்கும்போது என் தோளைத் தட்டிச் சொன்னா: "மஞ்சள் போட்டு நல்லா அலசுங்கோ, இல்லாட்டி வெடுக்குப் போகாது."

பூஞ்சணம்

இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்குப் பூஞ்சணம் என்றாலே பயம். ஒருநாள் காலையில் நுணுக்குக்காட்டியில் பார்க்கிறேன், கலங்களுக்கு நடுவே வெள்ளை நூல் நூலாகப் படர்ந்திருக்கிறது. எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. அத்தனை தட்டையும் கொட்டவேண்டியதாயிற்று. கொட்டும்போது எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பின்னால் நின்ற எங்கள் ஆய்வுகூடப் பொறுப்பாளர் மேடம் மெதுவாகச் சொன்னா: "அழுறதெண்டா வெளியில போய் அழுங்கோ, கண்ணீரிலயும் கிருமி இருக்கு."

கோழிக்குஞ்சுப் பண்ணை

கலங்களை உடம்புச் சூட்டிலேயே வைத்திருக்கவேண்டும். அதற்கென ஓர் அடைகாக்கும் பெட்டி இருக்கிறது. ஒரு மத்தியானம் கரண்ட் போனது, ஜெனரேட்டரும் இயங்க மறுத்தது. பெட்டியின் சூடு இறங்க இறங்க எனக்கு வேர்த்தது. திரும்பவும் எல்லாவற்றையும் கொட்டத் தெம்பில்லை.

அப்போதுதான் பக்கத்து ஒழுங்கையில் கோழிக்குஞ்சு பொரிக்க வைக்கும் அண்ணையின் ஞாபகம் வந்தது. முட்டைக்கும் ஏறக்குறைய அதே சூடுதான். தட்டுகளைக் காற்றுப் புகாத பெட்டியில் அடைத்து, தேவையான வாயுவையும் நிரப்பிக்கொண்டு ஓடினேன். அவர் ஒன்றும் கேட்காமல் முட்டைகளை ஒதுக்கி இடம் தந்தார். கரண்ட் வரும்வரை அங்கேயே கதிரை போட்டு இருந்தேன். ஒரு தட்டும் சாகவில்லை. வாசல்வரை வந்து வழியனுப்பியவருக்கு ஒரேயொரு சந்தேகம்: "பிள்ளை, இதுகள் எப்ப பொரிக்கும்?"

சூசை அண்ணை வந்தார்

முல்லைத்தீவுக் கடலில் தொழில் செய்பவர் சூசை அண்ணை. பிழைப்பாரோ என்று வீட்டார் பயந்த சத்திரசிகிச்சைக்கு முன்னர், தன் குடல் துண்டை எங்களுக்குத் தரச் சம்மதித்தவர். தேறியபின் மனைவியோடு ஆய்வுகூடம் தேடி வந்தார், "என்ர குடலை ஒருக்கா காட்டுங்கோ" என்று.

எனக்குச் சங்கடமாகிவிட்டது. துண்டுகளில் பெயர் இராது, இலக்கம்தான். எது அவருடையது என்று எனக்கே தெரியாது. அதைச் சொல்லி, கைக்குக் கிடைத்த ஒரு தட்டை நுணுக்குக்காட்டியில் வைத்தேன். குனிந்தவர் நெடுநேரம் நிமிரவில்லை. மனைவி அவரது முதுகில் கை வைத்தபடி நின்றா. நிமிர்ந்தபோது அவர் முகம் மலர்ந்திருந்தது: "எது என்ர எண்டு தெரியாட்டிப் பரவாயில்லை, எல்லாம் உசிரோட இருக்குதானே."

ஊராரின் குடலுக்கெல்லாம் நேரம் தவறாமல் தீனி கொடுக்கும் நான், என் குடல் பசிக்குது என்றால் மட்டும் "கொஞ்சம் பொறு" என்று சொல்லப் பழகிவிட்டேன்.