முட்டி வலி மாத்திரையும் வயிற்றுக்குள் போன கரியும்

மருந்துக்கடை வேலை என்பது, வலியோடு வருகிறவரிடம் 'இது வேண்டாம்' என்று சொல்லித் திட்டு வாங்குகிற வேலை. நெய்வேலி நகரியத்து மார்க்கெட்டில் பார்மசிஸ்ட்டாக இருக்கிறேன். மாடிப்படியைப் பார்த்தாலே கைப்பிடியைத் தேடுகிற என் முட்டிவலிச் சொந்தங்களே, இது உங்களுக்குத்தான். எனக்கும் வலது முட்டி போயாச்சு. நின்று நின்றே சம்பாதித்த சொத்து.

ரெஸ்ட்

தணிகாசலம் மைன்ஸில் கான்ட்ராக்ட் ஆள். கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்துகிற பழுப்பு நிலக்கரியைக் குனிந்து அள்ளிப் போடுகிற வேலை. முதல் ஷிப்ட் முடிந்ததும் முகத்துக் கரியைக்கூடக் கழுவாமல் கடைக்கு வருவார். கண் மட்டும்தான் தெரியும். டாக்டர் எப்போதோ ஐந்து நாளைக்கு எழுதிக் கொடுத்த வலி மாத்திரையை மாதக்கணக்கில் கேட்டால் எப்படி? தர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். இந்த மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கும், பிரஷரை ஏற்றும், வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்கிறவனுக்கு கிட்னியைக் கெடுக்கும், போய் டாக்டரைப் பாருங்கள் என்று மூச்சு விடாமல் சொன்னேன்.

பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். மைன்ஸுக்குள் போகிற அவருடைய கேட் பாஸ் கான்ட்ராக்டர் கையில். நாலு நாள் வராவிட்டால் அந்த இடத்தில் வேறு ஆள் நிற்பான். அது எனக்கும் தெரியும். "டாக்டரு ரெஸ்ட் எடுன்னு சொல்லுவாரு மேடம். நான் முட்டிக்கு ரெஸ்ட் குடுத்தா, கான்ட்ராக்டர் எனக்கே ரெஸ்ட் குடுத்துடுவாரு."

மச்சான் வீட்டு டப்பா

எங்கள் ஊரில் பர்மனென்ட்காரர் வீட்டுக்கு ஒரு அடையாளம் உண்டு. பிஸ்கட் டப்பாவைத் திறந்தால் கம்பெனி ஆஸ்பத்திரியில் காசில்லாமல் கொடுக்கிற மாத்திரை இருக்கும். விருந்தாளி வந்து "இடுப்பு பிடிச்சிருக்கு" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் போதும், காப்பியோடு அதுவும் வரும். தணிகாசலத்தின் மச்சான் கதிர்வேல் பர்மனென்ட். தங்கை புருஷன் நொண்டுவதைப் பார்த்து மனசு கேட்காமல், தனக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையில் பாதியை அள்ளிக் கொடுத்திருக்கிறார். இதை அவரே என் கடையில் நின்று பெருமையாகச் சொன்னார்.

எனக்குச் சுரீர் என்றது. மறுநாள் தணிகாசலம் சோப்பு வாங்க வந்தபோது பிடித்துக்கொண்டேன். கேட்டால், காலையில் வெறும் வயிற்றில் டீயோடு மச்சான் கொடுத்த வெள்ளை, சாயங்காலம் பண்ருட்டியில் வாங்கிய ரோஸ். இரண்டும் ஒரே வேலை செய்கிற மாத்திரை, வயிறு ஓட்டையாகிவிடும் என்று கத்தினேன். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மட்டும் சிரித்தார். "அது வெள்ளை, இது ரோஸு. அது மச்சான் குடுத்தது, இது காசு போட்டு வாங்குனது. ரெண்டும் எப்படி மேடம் ஒண்ணாவும்?"

வெல்லம்

அப்புறம் கொஞ்ச நாள் ஆளைக் காணோம். ஒரு சாயங்காலம் வந்தார். கவுண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றார். வயிற்று எரிச்சலுக்கு சிரப் வேண்டுமாம். முகம் கழுவியிருந்தார், உதடு வெளுத்துக் கிடந்தது. வெளிக்கு எப்படிப் போகிறது என்று கேட்டேன். ஒரு பொம்பளை இப்படிக் கேட்கிறாளே என்று கூச்சப்பட்டார். விடவில்லை.

"கறுப்பாத்தான் போவுது" என்றார், சாதாரணமாக. பெல்ட்டுக்கு அடியில் நின்றுகொண்டு அள்ளும்போது வாயில் போகிற கரித்தூள்தானாம் அது. உள்ளே போனது வெளியே வருகிறதாம், கூட வேலை பார்க்கிறவர்களும் அப்படித்தான் சொன்னார்களாம். தூசு இறங்க வெல்லம் தின்கிறாராம். அது கரி இல்லை, வயிற்றில் கசிகிற ரத்தம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றேன். அவர் "நாளைக்கு ஷிப்ட் இருக்குது" என்று திரும்பிவிட்டார். வாசலில் வண்டியைப் பிடித்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி அஞ்சலை அப்படியே உள்ளே வந்தாள். "யக்கா, இவரு யூனிபார்ம் அலசறவ நான். நம்மூரு கரித்தண்ணி பழுப்பாத்தானே போவும்? பாத்ரூம்ல நான் தண்ணி ஊத்திப் பாத்தேன், அது தார் கணக்கா இருக்குதே."

வராந்தா

அதற்குள் தணிகாசலம் வாசலுக்குப் போய்விட்டார். படி இறங்கும்போது கால் மடிந்து உட்கார்ந்துவிட்டார். ஷட்டரை இழுத்துவிட்டு நானும் ஆட்டோவில் ஏறினேன். வழியெல்லாம் அஞ்சலை அவர் கன்னத்தைத் தட்டிக்கொண்டே வந்தாள். "தூங்காத, தூங்காத" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ரவுண்டானாவில் ஷிப்ட் பஸ்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. ஆட்டோ நின்றது.

வயிற்றில் புண், அதிலிருந்து ரத்தம் போயிருக்கிறது என்றார் டாக்டர். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் கஷ்டம், இப்போதும் விடியும்வரை ஒன்றும் சொல்ல முடியாது என்றார். உள்ளே ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. கதிர்வேல் செருப்பு போடாமல் ஓடி வந்தார். மாத்திரை விஷயத்தை நான் சொல்லவில்லை, டாக்டரே சொல்லிவிட்டார். வராந்தா பெஞ்சில் தங்கையின் பக்கத்தில் உட்காராமல் தள்ளிப் போய் நின்றார். "நல்லதுன்னு நெனச்சுத்தானே மேடம் குடுத்தேன். என் தங்கச்சி மொகத்த இனிமே எப்படிப் பாப்பேன்?"

ஸ்டாண்டு

விடிந்தது. பிழைத்துக்கொண்டார். பெல்ட் வேலை போய்விட்டது, அவர் பயந்த மாதிரியே அந்த இடத்தில் வேறு ஆள். கதிர்வேல் யார் யார் காலையோ பிடித்து, அவரை மைன்ஸ் வாசல் சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கொடுக்கிற வேலையில் உட்கார வைத்தார். பிஸ்கட் டப்பாவில் இப்போது பிஸ்கட்தான் இருக்கிறதாம்.

போன வாரம் கரி முகத்தோடு ஒருவர் வந்தார். பெல்ட்டில் தணிகாசலம் நின்ற அதே இடத்தில் இப்போது நிற்கிறவர். மாத்திரை எதுவும் கேட்கவில்லை. எந்த டாக்டரைப் பார்க்கலாம் என்று கேட்டார். யார் அனுப்பியது என்றேன். "தணிகாசலம் அண்ணன்தாங்க. ஷிப்ட் முடிஞ்சு வண்டிய எடுக்கப் போனா, பழுப்பா கறுப்பான்னு கேக்கறாரு. உண்மையச் சொன்னாத்தான் வண்டிய விடறாரு."

கவுண்டருக்குப் பின்னால் நின்று நான் தொண்டை வறளச் சொன்னதற்கு யாரும் காது கொடுக்கவில்லை, வண்டியைப் பிடித்து வைத்துக்கொண்டு கேட்டால்தான் எங்கள் ஊர் ஆம்பளைகள் வயிற்றைப் பற்றி வாயைத் திறக்கிறார்கள்.