சிலுவையின் காலடியில் மெழுகு

கடலூர் கல்லறைத் தோட்டத்தில் மெழுகுவத்தியை நிறுத்த எங்களுக்குத் தெரிந்தது ஒரே வழிதான். உருகிய மெழுகை நாலு சொட்டு கல்லின்மேல் விட்டு, ஆறுவதற்குள் வத்தியை அழுத்திப் பிடிப்போம். என் கணவரின் கல்லறையில் ஆண்டுதோறும் அப்படித்தான் செய்வேன். போன வருடக் கல்லறைத் திருநாளன்று நான் அயர்லாந்தில், மகளிடம் இருந்தேன்.

பழைய கற்சிற்பங்களைப் பராமரிக்கும் பயிற்சியில் அவள் அங்கே சேர்ந்திருந்தாள். தான் வேலை செய்யும் இடத்தைக் காட்டக் கூட்டிப்போனாள். இடிந்த மடம் ஒன்று. அதன் கல்லறைகளுக்கு நடுவே இரண்டு ஆள் உயரத்தில் கற்சிலுவைகள். ஆயிரம் வருடத்துக்கும் மேலானவை. சிலுவையின் கைகளை ஒரு கல்வளையம் இணைத்திருந்தது. உடலெங்கும் விவிலியக் காட்சிகள், மழையில் தேய்ந்து மூக்கும் முழியும் போன சின்னச் சின்ன மனிதர்கள்.

“எதையும் தொட்டுடாதம்மா. கிடங்கு சாவி வாங்கினு வந்துடறேன்,” என்று போனாள்.

எனக்கு அவர் நினைப்பாகவே இருந்தது. பையில் ஊரிலிருந்து கொண்டுவந்த வத்தி. ஏற்ற ஏற்றக் காற்று அணைத்தது. சிலுவையின் பீடத்தில், செதுக்கிய குழிவுக்குள் ஒட்டினேன். ஜெபம் முடிவதற்குள் மெழுகு வழிந்து இரண்டு முகங்களை மூடிவிட்டது. பதறிப்போய் நகத்தால் சுரண்டினேன். கல் பொடியாக உதிர்ந்தது.

திரும்பி வந்த மகள் என் பக்கத்தில் மண்டியிட்டாள். அதற்குள் அவளுடைய மேலதிகாரியம்மா வந்துவிட்டார். குனிந்து பார்த்து, யார் செய்தது என்று கேட்டார். எனக்கு ஆங்கிலம் புரியாமல் இல்லை. சிதம்பரத்தில் சரித்திர டீச்சர் நான். கோயில் தூணில் குங்குமம் தேய்க்கும் பிள்ளைகளை அதட்டுகிறவள். வாயைத் திறக்கவில்லை.

தான்தான் என்றாள் மகள்.

“ஏன்டி அப்படிச் சொன்ன?” என்று பஸ்ஸில் கேட்டேன்.

“நீ சொல்லுவன்னு பாத்தேன். நீ என் மூஞ்சியத்தான பாத்துக்கினு இருந்த.”

அதற்குப் பிறகு அவளைச் சிலுவைகளிடம் விடவில்லை. கிடங்கில் பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டுகிறாள். பயிற்சியை முடிக்க விடுவார்களா என்பதே தெரியவில்லை.

இந்த வருடம் கடலூரில் அவர் கல்லறை முன்னால் வத்தியைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றேன். ஒட்ட மனம் வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் அந்த மேலதிகாரியம்மாவுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன்: செய்தது நான், என் மகள் அல்ல.

பிறகுதான் மகளிடம் போனில் சொன்னேன்.

“ஒரு வருஷம் கழிச்சாம்மா?” என்றாள். “இப்ப நான் பொய் சொன்னவளா ஆயிட்டேனே.”

அதை நான் யோசிக்கவே இல்லை.